விரதக்காரிக்குக் கொண்டுபோன பால்

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, புத்தளத்தில் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்தில் முஸ்லிம் வீடு, எதிரே சிங்கள வீடு. அங்கே எல்லோருக்கும் எல்லோருடைய பேச்சும் வரும். எனக்கு மட்டும் என் பேச்சே வராது. அவ்வளவு கூச்சம்.

அப்போது நான் நிறைமாதக் கர்ப்பிணி. கணவருக்கு மாம்புரியில் தோட்ட வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வலி வந்தால் வருவீர்களா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம், அவர்கள் பேச்சில் ராத்தாவிடம், கேட்டு வைக்க வேண்டும். அதை வேலியோரத்து வாழையிடம் சொல்லிப் பழகினேனே தவிர, அவரிடம் வாய் திறக்கவில்லை.

நோன்பு மாதம் வந்தது. எங்கள் வீட்டில் விரதம் என்றால் பாலும் பழமும் எடுக்கலாம். அந்தச் சாட்டில் போய்க் கேட்டுவிடலாம் என்று, நடு மத்தியானத்தில் சீனி போட்ட பாலும் கதலிப்பழமுமாகப் போய் நின்றேன்.

"களைச்சுப் போயிருப்பீங்கள் ராத்தா. ஆற முன்னம் குடியுங்கோ."

ராத்தா பாலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய மாமி சிரிக்கத் தொடங்கினார்.

"அல்லாவே! தண்ணியும் குடிக்காம ஈக்கிறம், இந்தப் புள்ள பால் கொண்டு வந்தீக்கிது!"

தட்டையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். வயிறு முன்னால் ஓடியது, நான் பின்னால் ஓடினேன்.

அதற்குப் பிறகு புத்தி கூடிவிட்டது. சமையல் மணம் வேலி தாண்டக் கூடாதென்று பகலில் அடுப்பே மூட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பழைய பாண் ரொட்டியைக் கடித்தேன். பெரிய மரியாதை செய்வதாக நினைப்பு.

இரண்டொரு நாளில் ராத்தாவே வந்துவிட்டார்.

"அடுப்புப் பொகயக் காணமே. ஊட்டுல அரிசி இல்லயா புள்ள?"

"அரிசி இருக்கு ராத்தா. மணம் உங்களுக்கு வரும் எண்டுதான்..."

"நோம்பு எங்களுக்கு. ஒன்ட வயித்துப் புள்ளக்குமா?"

திட்டிக்கொண்டே அடுப்பை மூட்டிச் சோறும் பருப்பும் ஆக்கினார். நோன்போடு ருசி பார்க்க மாட்டாராம். அகப்பையை என் வாயருகே நீட்டி, "உப்புப் பாரு" என்றார். நான் அந்த அகப்பையைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"வலி வந்தால் வருவீங்களோ?"

"கூப்புட்டாத்தானே வரலாம்! ஒன்ட சத்தம் ஒனக்கே கேக்காதே. எங்க, இப்பக் கூப்புடு."

"ராத்தா..."

"கோழிக்கும் கேக்கல்ல. இன்னும்!"

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். எதிர்வீட்டுச் சிங்கள அக்கா, கையெல்லாம் சவர்க்கார நுரையோடு ஒழுங்கையைத் தாண்டி ஓடி வந்தார்.

"மொகத நங்கி? என்ன தங்கச்சி, வலி வந்ததா?"

ராத்தா அகப்பையைக் கீழே வைத்தார்.

"இது போதும்," என்றார்.