செவ்வாய் ஊசி, வெள்ளி ஊசி

அறுபதுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில் மாட்டிக்கொண்டேன். எந்த ஊரிலும் மூன்று மாதத்துக்கு மேல் தங்காதவனை ஓர் இருமல் அங்கே ஒரு வருடம் கட்டிப்போட்டது. காசநோய். செவ்வாயும் வெள்ளியும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பில் ஓர் ஊசி, நர்ஸம்மாவின் கண் முன்னாலேயே விழுங்க ஒரு பிடி மாத்திரை. ஒரு முறைகூடத் தவறக் கூடாது.

பிழைப்புக்கு ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். பட்டு நூல் கழிகளைக் கம்பில் மாட்டி, கொதிக்கிற அண்டாவில் திருப்பிக்கொண்டே இருக்கும் வேலை. புகை நெஞ்சுக்கு ஆகாது என்று தெரியும். வேறு வேலை கிடைக்கவில்லை.

நான்காவது மாதம் இருமல் நின்றது. அப்போதுதான் ராமேஸ்வரம் போகும் யாத்திரை பஸ்ஸின் டிரைவர் ஒருவர், மூட்டை ஏற்றி இறக்க வருகிறாயா என்று கேட்டார். அடுத்த புதன்கிழமை புறப்பாடு. போய்த் திரும்பப் பத்து நாள். எனக்கு அந்த இரவே கால் நிற்கவில்லை. ஆனால் மூன்று ஊசி தவறும்.

முதல் நாள் நர்ஸம்மா, "செவ்வாக்கெழம போட்டா வெள்ளி வரைக்கும் தாங்கும்" என்று சொல்லியிருந்தார். அதை நான் பட்டறைப் புத்தியோடு புரிந்துகொண்டேன். எங்கள் மேஸ்திரி முக்கால்வாசி சாயம் ஏறியதும் அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிடுவார். அண்டாவில் சூடு இருக்கிறவரை நூலில் சாயம் ஏறிக்கொண்டே இருக்கும். மருந்தும் உடம்புக்குள் அப்படித்தான் தேங்கி நிற்கிறது என்று முடிவு கட்டினேன். அதை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டால் பத்து நாளும் தாங்குமே! மருந்து மூத்திரத்தில் போய்விடும் என்று ஊசிக்கு வரிசையில் நின்ற ஒருவர் சொல்லியிருந்தார். எனவே தண்ணீரை நிறுத்தினேன்.

வெள்ளி ஊசியிலிருந்து ஒத்திகை. காலையில் ஒரு வாய், ராத்திரி ஒரு வாய், அவ்வளவுதான். அடுப்பு முன்னால் வேர்த்து ஊற்றியபோது, மருந்து இப்படியும் போகிறதே என்று அதற்கு வேறு கவலைப்பட்டேன். திங்கள் மத்தியானம் கண் இருட்டி, கையிலிருந்த பட்டு நூல் கழியோடு சாம்பலில் விழுந்தேன்.

"நீ விழுந்தா எழுந்துக்குவ. அந்தப் பட்ட இன்னாடா பண்றது?" என்றார் மேஸ்திரி. அதற்குப் பிறகுதான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா என் உதட்டைப் பார்த்தே பிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணி குடிக்காம இருந்துக்கினு இந்த ஊசிய போட்டா கிட்னி போயிடும்பா. யாரு உனக்கு இந்த ஐடியா குடுத்தது?"

"மருந்து உள்ளயே இருக்கட்டும்னுதாம்மா."

"மருந்து எங்க இருக்குது? வெள்ளிக்கெழம போட்டுக்கினது மறுநாளே போயிடுச்சு."

"அப்ப செவ்வா வரைக்கும் எதும்மா தாங்குது?"

"கிருமி அடிபட்டுக் கெடக்குது. அடிச்சவன் போயிட்டா, அடிபட்டவன் ஒடனே எழுந்துக்குவானா? சாவாத மிச்சம் சுருண்டு கெடக்கும், பெருகாது. அது எழுந்துக்கறதுக்குள்ள அடுத்த ஊசி. அதான் வாரத்துக்கு ரெண்டு."

"எத்தினி நாளும்மா கெடக்கும்?"

"மூணு நாலு நாளுன்றாங்க."

"பத்து நாளு கெடக்காதா?"

"அத நீ கிருமியத்தான் கேக்கணும்."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. அண்டா என்றால் விரலை வைத்துப் பார்த்து, இன்னும் இவ்வளவு சூடு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இங்கே தொட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லை. மருந்து போய்விட்டது. கிருமியோ எனக்குள் படுத்துக் கிடக்கிறது. எப்போது எழும் என்று நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. அது எழாமல் இருக்க நான் இந்த ஊரில் கிடக்க வேண்டும்.

புதன்கிழமை பஸ் நின்ற இடத்துக்குப் போய், வரவில்லை என்றேன்.

"பொண்டாட்டியா, புள்ளையா? உனக்கு இன்னாபா இருக்குது இந்த ஊர்ல?" என்றார் டிரைவர்.

"ஊசி."

அவர் சிரித்தார். பஸ்ஸின் மேலே வேறொருவன் மூட்டைகளைத் தாறுமாறாகக் கட்டிக்கொண்டிருந்தான். முதல் திருப்பத்திலேயே ஒன்று விழும் என்று கறுவிக்கொண்டு நின்றேன். ஒன்றும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை நர்ஸம்மா ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்தபடியே கேட்டார்.

"பஸ்ஸு போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"தண்ணி?"

மூலையிலிருந்த பானையில் மொண்டு, அவர் பார்க்கும்படி ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தேன். பாதி சட்டையில் வழிந்தது. பிறகு திரும்பி நின்று இடுப்பைக் காட்டினேன். இன்னும் எட்டு மாதம் இருந்தது.