கோமோ ஏரிக்கரையில் ஒரு தாலிகட்டு

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களில் பலர் இத்தாலியில்தான் தாலி கட்டுகிறார்கள். கோயில் மண்டபம் கிடைக்காவிட்டால் இத்தாலியர்களின் பான்குவெற் ஹோலை எடுப்போம். எங்களுக்குக் கிடைத்த ஹோலில் மணவறைக்குப் பின்சுவர் முழுக்க கோமோ ஏரி தீட்டியிருந்தது. ஐயர் ஓமம் வளர்க்க, புகை நேரே ஆல்ப்ஸ் மலைக்குப் போனது. நெருப்பு மணி அடித்துவிடும் என்ற பயத்தில் ஹோல்காரர் புரூனோ என் பக்கத்தைவிட்டு அசையவில்லை. நின்றவர் சும்மா நிற்காமல் ஏரியின் சரித்திரத்தை ஓதத் தொடங்கினார். ரோமாபுரிப் பிரபுக்கள் வெயிலுக்கு ஒதுங்கிய இடமாம். பிறகு வந்த கோமகன்கள் கரையெல்லாம் மாளிகை கட்டினார்களாம். பட்டு நெசவுக்கும் பேர்போன இடமாம். கவட்டைத் தடிபோல் ஏரி இரண்டாகப் பிரியும் முனையில் பெல்லாஜியோ என்ற ஊர்; அதைவிட வடிவான ஊர் உலகத்திலேயே இல்லையாம். மந்திரம் ஒரு காதிலும் மாளிகை மறு காதிலுமாக நான் தாலியைக் கட்டினேன். புதுப்பெண் ரஞ்சியின் கூறைச் சேலையை உற்றுப் பார்த்து, "கோமோ பட்டா?" என்றார் புரூனோ. இங்கே ஜெரார்ட் வீதிக் கடைப் பட்டு என்றேன். மனிதருக்கு மனம் நொந்துவிட்டது.

ரஞ்சிக்கு அப்போது வதிவுரிமை கிடைக்கவில்லை. கல்யாணம் மெய்தானா என்று விசாரிக்க இமிக்கிரேஷன் கூப்பிட்டபோது கல்யாணப் பட அல்பத்தோடு போனோம். அதிகாரி அம்மா ஒரு படத்தில் நின்றுவிட்டார். "கோமோ! எங்கள் தேனிலவு அங்கேதான். நீங்கள் எப்போது போனீர்கள்?" மலர்ந்த முகம் உடனேயே சுருங்கியது. பயணப்பத்திரமே இல்லாதவள் எப்படிப் போய், எப்படித் திரும்பினாள்? இவளைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற பயத்தில், என் ஆங்கிலம் அவளுக்கு முன்னமே ஊருக்குப் போய்விட்டது. விளக்கம் வராமல் சுவரைத் தட்டிக் காட்டினேன். பக்கத்து அறைச் சத்தம் எங்களுக்கு இடைஞ்சலாக்கும் என்று அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இஞ்சேருங்கோ, உது பெயின்ற் அடிச்ச சுவர் எண்டு சொல்லுங்கோ," என்றாள் ரஞ்சி. "உண்மையான ஏரியடியாலையும் நான் வந்தனான் எண்டும் சொல்லுங்கோ."

வந்தவள்தான். அகதி மனுவிலேயே அது இருக்கிறது. கனடாவுக்கு வரும் வழியில், மிலானிலிருந்து சுவிஸ் எல்லைக்கு, நடுப்பகலில், லொறியில் தார்ப்பாய்க்குக் கீழே. எல்லாவற்றையும் ஒருவாறு சொல்லி முடித்தேன். ஏரி எப்படி இருந்தது என்று அதிகாரி கேட்டார்.

"தண்ணி மணம் வந்தது. பாக்கேல்லை. தலையைத் தூக்கினால் பிடிச்சிடுவாங்கள்."

மொழிபெயர்த்தேன். அவர் அல்பத்தை மெதுவாக மூடினார். சில மாதத்தில் வதிவுரிமை வந்தது.

அந்தப் படத்தைப் பெருப்பித்து ஸ்காபரோ அப்பார்ட்மென்றில் மாட்டியிருக்கிறோம். ஒரு பிரதி பார்த்த மாமி, கனடா நல்ல வடிவு என்று ஊரிலிருந்து சொல்லியனுப்பினார். எங்கள் பல்கனியிலிருந்து தெரிவது கார்த் தரிப்பிடம். நாங்கள் மாமியைத் திருத்தவில்லை.

பாஸ்போட் வந்தால் முதலில் எங்கே போவோம் என்று நேற்றுக் கேட்டேன். ஊர் என்பாள் என்று நினைத்தேன்.

"சண்டையிலை ஊருக்குப் பாதை பூட்டெல்லே. உந்த ஏரிக்குப் போவம். ஒருக்கா நிமிந்து நிண்டு பாக்கவேணும்."

சுவரில் புதுப்பெண் ரஞ்சி கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அன்றைக்கும் ஏரி அவளுக்குப் பின்னால்தான்.