மைலேஜ்காரர் வண்டி பார்க்கப் போனார்

பஸ் டிப்போவில் அவரை மைலேஜ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. முப்பத்தொரு வருடம் மலைப் பாதையில் பஸ் ஓட்டியவர். மற்ற டிரைவர்கள் ஒரு லிட்டர் டீசலில் நாலு கிலோமீட்டர் போனால் இவர் ஐந்து போவார். எப்படி என்று கேட்டால், "வண்டிய வெரட்டக் கூடாதுப்பா, கெஞ்சணும்" என்பார். அதெல்லாம் சும்மா. உண்மையான சூட்சுமம் வேறு. நீளமான இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினையே அணைத்துவிடுவார். பஸ் தன் பாரத்தில் தானே உருண்டு இறங்கும். அது விதிமுறைப்படி தப்பு என்று மேனேஜருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டீசல் மிச்சமாகிறதே. கண்டும் காணாமல் இருந்துவிட்டு, வருடா வருடம் பரிசு கொடுத்துக் கைகுலுக்கினார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் மனிதருக்குக் கஷ்டகாலம். நாலு பேர் தேடி வந்து யோசனை கேட்ட ஆளை வீட்டில் யாரும் எதற்கும் கேட்பதில்லை. டிவி வாங்கினார்கள், கேட்கவில்லை. கண்ராவியான ஒரு பச்சை நிறத்தில் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள், கேட்கவில்லை. அதனால் மகள் ஒரு நாள், "அப்பா, புதுக் கார் வாங்கணும். பெட்ரோல் அதிகம் குடிக்காததா நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் மலைமேல் இருக்கும் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்க வேண்டும். அவளுடைய ஆறு வயதுப் பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் அங்கேயேதான். அவள் வைத்திருந்த பழைய கார் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது.

மைலேஜ்காரர் வேலையில் இறங்கினார். பதினைந்து நாள் பெட்ரோல் பங்க்கில் நின்று, வருகிற காரையெல்லாம் மறித்து, "லிட்டருக்கு எவ்வளவு தருது?" என்று விசாரித்தார். கம்பெனிக்காரன் சொல்வதில் கால்வாசியைக் கழித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. ஒருத்தர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றுகூடச் சொன்னார். கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று லிட்டருக்கு இருபத்தைந்து தரும், ஆனால் கைக்கு வர மூன்று மாதம் ஆகும். இன்னொன்று ஷோரூமிலேயே தயாராக நிற்கிறது, மைலேஜ் ஆறு குறைவு.

"மூணு மாசமெல்லாம் என்னால முடியாதுப்பா" என்றாள் மகள், ஷோரூம் வாசலில் பழைய காரை நிறுத்திவிட்டு. "இது இன்னைக்கா நாளைக்கான்னு இருக்கு."

"மூணு மாசம் பொறுத்தா பத்து வருஷம் நிம்மதிம்மா. என் பேச்சக் கேளு. ஓட்டிக் காட்டறேன், நீயே ஒத்துக்குவே."

அவருக்கு உள்ளுக்குள் உதறல்தான். இந்த ஒரு விஷயத்திலும் தன் பேச்சு எடுபடாமல் போனால் வீட்டில் தான் வெறும் ஜடம் என்று பயந்தார்.

இருபத்தைந்து தரும் மாடலில் ஓட்டிப் பார்க்கவென்று கொடுத்த வண்டியில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். விற்பனைப் பையன் பக்கத்தில், மகள் பின்னால். மலைப் பாதையில் மூன்று கிலோமீட்டர் ஏறித் திரும்பினார்கள். இறக்கம் தொடங்கியது. கால் கிளட்சை மிதித்தது, கை நியூட்ரலுக்குத் தள்ளியது, அடுத்த கணம் சாவியைத் திருப்பியது. எதையும் அவர் யோசித்துச் செய்யவில்லை. வண்டி ஊமையானது.

"சார், ஆஃப் ஆயிடுச்சு" என்றான் பையன்.

"ஆகல. நான்தான் அணைச்சேன். இப்பப் பாரு மைலேஜ."

முதல் வளைவில் ஸ்டியரிங் கனத்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினார். வேகம் கூடியது. பிரேக்கை மிதித்தார், பிடித்தது. மறுபடி மிதித்தார், பாதிதான் பிடித்தது. மூன்றாம் முறை பெடல் கல்லாகிவிட்டது. பஸ்ஸில் பிரேக்குக்கென்றே காற்றுத் தொட்டி இருந்தது, இன்ஜின் ஓடாவிட்டாலும் கொஞ்ச நேரம் கை கொடுக்கும். இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அடுத்த வளைவில் தண்ணீர் லாரி ஒன்று நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தது.

"சார், சாவி, சாவியத் திருப்புங்க."

சாவியைத் தேட நேரமில்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுத்தார். பெடல்மேல் கிட்டத்தட்ட எழுந்தே நின்றார். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். மண் சுவரில் வண்டி உரசிக்கொண்டே போய் நின்றது. லாரிக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். லாரிக் குழாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவர்கள் பானெட்டில் சொட்டியது.

பையனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "இன்ஜின் ஓடினாத்தான் சார் பிரேக்குக்குப் பவர். அணைச்சா ரெண்டு தடவை பிடிக்கும், அவ்வளவுதான். எந்தக் காரா இருந்தாலும் இதேதான்."

மைலேஜ்காரர் திட்டு வாங்கத் தயாரானார். இனிமேல் ஒரு ஸ்பூன் வாங்கக்கூடத் தன்னைக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே திரும்பினார். மகள் முகத்தில் கோபம் இல்லை. வெளிறிப் போயிருந்தது.

"அப்பா, நான் தினமும் இப்படித்தான் இறங்கறேன்."

"எப்படி?"

"பெட்ரோல் மிச்சமாகட்டும்னு இந்த வளைவுக்கு மேலயே அணைச்சுடுவேன். ஸ்கூல் படிக்கும்போது உங்க பஸ்ல முன்சீட்ல உக்காந்து பாத்ததுதான். சில நாள் பிரேக் இறுகிடும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"பாப்பா?"

"பின்னாடிதான் இருப்பா. 'இப்ப அணைம்மா'ன்னு அவதான் சொல்லுவா."

யோசனை கேட்க ஆளில்லை என்று இத்தனை நாள் புலம்பிக்கொண்டிருந்தார். கேட்காமலே ஒருத்தி அவருடைய யோசனையை எடுத்துக்கொண்டு, குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, தினம் இந்த வளைவில் இறங்கியிருக்கிறாள். அந்த அவமானத்தை அவரால் தாங்க முடியவில்லை. இறங்கி, ஓட்டுகிற இடத்தைப் பையனுக்கு விட்டார்.

ஷோரூம் வாசலுக்கு வந்ததும் அவர் உள்ளே போகவில்லை. மகளிடம் சாவியை வாங்கி, பழைய காரில் ஏறி ஸ்டார்ட் செய்து பிரேக்கை அழுத்திப் பார்த்தார். இன்ஜின் ஓடும்போதே பெடல் இறுகிக் கிடந்தது. இறங்கிப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாவியக் குடுங்கப்பா. நாளைக்கு டியூட்டிக்குப் போகணும்ல?"

"இதுல போக வேண்டாம்."

பையன் படிவத்தோடு வந்தான். உரசலுக்கு என்ன சொல்வது என்ற கவலை அவனுக்கு இருந்தாலும் வியாபாரத்தை விடவில்லை. "அப்ப நீங்க சொன்ன மாடலையே புக் பண்ணிடலாமா சார்? லிட்டருக்கு இருபத்தஞ்சு. இத அடிச்சுக்க வேற வண்டி இல்ல."

"நாளைக்குக் காலைல எந்த வண்டி கிடைக்கும்?"

"அந்த இன்னொன்னு ரெடியா இருக்கு சார். ஆனா மைலேஜ்..."

"நான் அதக் கேக்கல தம்பி" என்றார் மைலேஜ்காரர். "காலைல கிடைக்குமா, கிடைக்காதா?"