பாத்துட்டேன் பாய்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள் இருக்கும்போது தண்டையார்பேட்டையில் நடந்தது இது. நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் நாலாவது மாடியில் குடியிருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர்களைப் புது மானிட்டரோடு இணைக்கும் கேபிள்களை வீட்டிலேயே செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

தண்டையார்பேட்டையில் ஒரு பாய், போட் என்ஜின் மூட்டுகளில் எண்ணெய் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டுகளை வெட்டும் பட்டறை வைத்திருந்தார். வெட்டும் மெஷினை ஓட்டுவது ஒரு ஆதிகாலத்துக் கம்ப்யூட்டர். அதன் திரை போய்விட்டது, புது மானிட்டரோ அதில் சேராது. தடைக்காலம் முடிவதற்குள் கேஸ்கெட் கொடுக்காவிட்டால் போட்டுக்காரர்கள் வேறு இடம் போய்விடுவார்கள். "சீக்கிரம் குடுமா, உசுர எடுக்கறானுங்க" என்றார்.

பிளக்கை முன்பக்கம் பார்த்தால் பின்களின் வரிசை இடமிருந்து வலம். திருப்பி, ஈயம் வைக்கும் பக்கம் பார்த்தால் வலமிருந்து இடம். இதை எத்தனையோ பேருக்குப் பெரிய மேதாவி மாதிரி பாடம் எடுத்திருக்கிறேன். அன்று நானே முன்பக்கம் பார்த்துக் குறித்துக்கொண்டு, திருப்பிப் போட்டு அதே வரிசையில் ஈயம் வைத்தேன். மீட்டரில் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. நாலு மாடி இறங்கி வாங்கச் சோம்பல்.

பட்டறையில் கேபிளை மாட்டியதும் பாய் கேட்டார், "இன்னாமா, செக் பண்ணி பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் பாய்."

அவர் பிஸ்மில்லா சொல்லி சுவிட்சைப் போட்டார். கருகிய வாடை வந்தது. திரை வரவே இல்லை.

பாய் கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, "வுடுமா. பழைய பொட்டி, அதுக்கு நேரம் வந்துட்ச்சி. நீ இன்னா பண்ணுவ?" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியில் பேட்டரி வாங்கி, வீட்டுக்கு வந்து சோதித்தேன். தொடர்பே இருக்கக் கூடாத இரண்டு பின்களில் வைத்ததும் மீட்டர் 'கீ' என்று கத்தியது. கரண்ட் வரும் கம்பியை எர்த்தோடு சேர்த்து வைத்திருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பாயின் கம்ப்யூட்டரில் கருகிப்போன போர்டு இப்போது வருவதே இல்லை என்றார்கள். தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போயின. பாயின் மெஷின் காயலான் கடைக்குப் போனது.

இப்போது அவர் டோல்கேட் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன். பஸ்ஸில் போகும்போது கண்ணில் பட்டால் தலையைக் குனிந்துகொள்கிறேன். போன மாதம் ஒருவர் பழைய கம்ப்யூட்டரோடு என் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். "பாய்தான் அனுப்சாரு. நல்லா செக் பண்ணிக் குடுப்பீங்கன்னாரு" என்றார்.

அவருடைய கேபிளை மூன்று தடவை சோதித்தேன். ஆனாலும் வாங்கும்போது "பாத்துட்டீங்களா?" என்று அவர் கேட்டதற்கு, நிஜமாகவே பார்த்திருந்தும், 'பாத்துட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை, பாயிடம் போய் உண்மையைச் சொல்லும்வரை அது வராது என்று எனக்குத் தெரியும், இன்னும் நான் போகவில்லை.