கோப்பியின் முடி

என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை என்று என் புருஷன் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். நவமணியின் கதையைச் சொல்லப் போனால் அந்த வாயையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவமணி எனக்குப் பக்கத்து வீடு. சுங்கை லாலாங் தாமான் வரிசை வீடுகளில் இருபது வருஷமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பாலிங் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் புருஷனோடு இங்கே வந்து, கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகள் லோகேஸ்வரியை ஒற்றை ஆளாக வளர்த்தாள். "அவள விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்று நாளைக்கு நாலு தடவை சொல்வாள்.

கோப்பி, லோகேஸ்வரி வாங்கி வந்த நாய். பழுப்பு நிறம், சுருட்டை முடி, தொங்கும் காது. எங்களுக்குத் தெரிந்த நாய் வாசலில் சங்கிலியில் கிடக்கும், மீந்த சோற்றைத் தின்னும், தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும். இது சோபாவில் உட்கார்ந்திருந்தது!

"இது என்னடி பிராணி?" என்றேன்.

"கலப்பு, பெரியம்மா. அம்மா பூடில், அப்பா காக்கர் ஸ்பானியல். அமெரிக்காவுல அறுபது எழுபது வருசமா இப்படிச் சேத்து வளக்குறாங்க. பூடில் முந்தி தண்ணியில குதிச்சு, சுட்ட வாத்தை எடுத்துட்டு வர்ற வேட்டை நாய். நீந்தத் தோதா இருக்கட்டும்னுதான் அதுக்கு முடி வெட்ட ஆரம்பிச்சாங்களாம். காக்கர் புதர்ல கெடக்குற பறவையக் கெளப்பி விடுற சாதி."

"இது எதக் கெளப்பும்?"

"ஒங்க வாயத்தான்," என்று சிரித்தாள்.

புத்தி அதற்கு மனுஷப் புத்தி. பத்து வேன் போனாலும் நவமணியின் தொழிற்சாலை வேன் வந்தால்தான் கேட்டுக்கு ஓடும். தனியாக மட்டும் இருக்காது. குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியே உட்கார்ந்து அழும். முடி மற்ற நாய்களுக்குப் போலக் கொட்டாது, நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். தினமும் சீவ வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும்.

கூட வேலை பார்க்கும் சீனப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று லோகேஸ்வரி சொன்ன அன்று நவமணி கரண்டியாலேயே அடித்தாள். "படி தாண்டுன, நீ எம்பொண்ணே இல்ல!" என்று கத்தினாள். அவளும் தாண்டிவிட்டாள். சிங்கப்பூரில் அவளுக்குக் கிடைத்த அறையில் நாய் வைக்க விடமாட்டார்களாம். சீப்பையும் கத்தரியையும் வைத்துவிட்டு, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் ஒருநாள் நவமணி என் சமையலறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "முருகனுக்கு முடி வளத்துக் குடுக்கறேன்னு வேண்டிக்கட்டுமாக்கா?"

எங்கள் ஆட்களிடம் அது வழக்கம்தான். நினைத்தது நடக்கும்வரை கத்தரி படாமல் வளர்த்து, நடந்ததும் கோயிலில் இறக்கிவிடுவார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒந்தலையில என்ன இருக்கு, எலி வாலு! கோப்பிக்குத்தான் அடர்த்தியா வளருது, அத வேண்டிக்கலாம்லா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கோப்பியின் கழுத்தில் மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டியிருந்தாள். "அது அவ வளத்த உசுருக்கா. அதோட முடிதான் சரி," என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சீப்பில் வரும் முடியும் சாமிக்குச் சேர்ந்தது, சிந்தக்கூடாது என்று சீவுவதையும் நிறுத்தினாள். மாதங்கள் போயின. முடி கண்ணை மூடியது, பிறகு சிக்குப்பிடித்துத் தடித்தது. நாற்றம் வந்தபோது மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினாள். நனைய நனையச் சிக்கு இறுகியது. கோப்பி வேனுக்கு ஓடுவதை விட்டது. தொட்டால் உறுமியது. "கொழுப்பு ஏறிப்போச்சு," என்று அதற்கும் நான்தான் சொன்னேன்.

வேண்டிக்கொண்ட எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை, லோகேஸ்வரி கேட்டில் வந்து நின்றாள். "நீ இல்லாம தாலி கட்டிக்க மாட்டேம்மா. கோவத்த விடு," என்றாள். நவமணி அவளைக் கட்டிக்கொண்டு போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. "முருகா, குடுத்துட்டியேப்பா!" என்று கத்தரியை எடுக்க உள்ளே ஓடினாள்.

மகள் குரல் கேட்டுக் கோப்பி மேசைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தது. வால் ஆடியது. லோகேஸ்வரி அதன் காதுக்குப் பின்னால் கை வைத்தாள். எடுத்தபோது விரலெல்லாம் ஈரம், புழு.

சுங்கைப்பட்டாணி டவுனில் மிருக டாக்டர் மயக்க ஊசி போட்டுச் சிரைத்தார். முடி ஒரே துண்டாகப் பாய் போல உரிந்து வந்தது. அடியில் தோலே இல்லை. மஞ்சள் துணி கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். மத்தியானத்துக்குள் கோப்பி லோகேஸ்வரியின் மடியிலேயே அடங்கிவிட்டது.

"ஏம்மா வெட்டல? எழுதி ஒட்டிட்டுத்தானே போனேன்?"

"நீ வரணும்னுதாண்டி வேண்டிக்கிட்டேன்!"

லோகேஸ்வரி கோப்பியை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். "எனக்காகவா? என்னால இனிமே ஒம்மொகத்தப் பாக்க முடியாதும்மா," என்றாள். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே போய்விட்டாள். சொன்னது நான்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பாவி, அப்போது பார்த்து என் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் நவமணி கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே கோப்பியின் முடி. "அவ வந்துட்டாதானேக்கா? வேண்டுதல நிறுத்தி வைக்கக்கூடாது. கோயிலுக்குத் தொணைக்கு வா," என்றாள்.

நான் செருப்பைத் தேடினேன். அவள் வாசலில் நின்று தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"திரும்பவும் போயிட்டாளே. இப்ப யாரு முடிய வேண்டிக்கறது, நீ சொல்லுக்கா," என்றாள்.