கருவேல நிழலில் பதினொரு வேம்பு

என் கணவர் தம் கடைசி ஐப்பசியில், உத்தரகோசமங்கைக்குக் கிழக்கே உள்ள எங்கள் புஞ்சையில் பதினொரு வேப்பங்கன்றுகளை நட்டார். வேலி போடவில்லை. ஆடு கடிக்காதிருக்க, சீமைக்கருவேலப் புதரின் நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டி, அங்கே கன்றை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முள்ளே காவல். கன்று வேர்பிடித்ததும் புதரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட வேண்டும். கழிக்க வேண்டியவர் சித்திரையில் இறந்துபோனார்.

அவர் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. தலைத்திவசம் முடியும்வரை, இறந்தவர் கன்று வைத்த நிலத்தில் அரிவாள் படக்கூடாது. யாரும் எனக்கு அதை நினைவூட்டவில்லை, நானாகவே கடைப்பிடித்தேன். எதையும் செய்யாதிருப்பது அந்த ஆண்டில் எனக்கு எளிதாக இருந்தது. சோறு வடிப்பேன். முன்பே படித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன், பக்கம் நகராது. வாரம் ஒருமுறை புஞ்சைக்குப் போய் முள்ளுக்கிடையே எட்டிப் பார்ப்பேன். அந்தக் கன்றுகள் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விருப்பம் எதுவும் அப்போது எனக்கு இருந்ததாக நினைவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு கருவேலம் மேலே கூடிக் கூரைபோல் மூடிக்கொண்டது. கன்றுகளும் என் தோளுயரம் வந்தன. நன்றாக வளர்கின்றன என்றே நம்பினேன். தண்டு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை; இலைக்கும் இலைக்கும் நடுவே வெகு இடைவெளி; பச்சை வெளிறியிருந்தது. நிழலில் அகப்பட்ட செடி வெளிச்சத்தைத் தேடி நீளும், தடிக்காது என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் கண்ணுக்கு உதவவில்லை.

எங்கள் புஞ்சையில் களையெடுக்க வரும் பெண்தான் முதலில் சொன்னாள்.

"இதென்னக்கா, வேம்பா, தூண்டில் கம்பா? ஏர்வாடிப் பக்கம் கொண்டு போனா மீன் பிடிக்கிறவுக ஆசையா வாங்கிக்கிருவாக."

"உயரமா வந்திருக்குல்ல?"

"ஒசரம் என்னக்கா ஒசரம். எங்க வீட்டுக்காரரும் ஒசரந்தான், ஒரு மூடைய தூக்கச் சொல்லுங்க பாப்பம். கருவேலம் கீழ தண்ணியக் குடிக்குது, மேல வெயில மறைக்குது. மண்ணு ஈரமா இருக்கையில பாதி முள்ளையாவது கழிச்சிரணும்."

"திவசம் முடியட்டும்," என்றேன். அவள் களையெடுக்கக் குனிந்தாள்.

சித்திரையில் திவசம் முடிந்தது. மறுநாளே என் கொழுந்தன் ஆட்களோடு வந்து, ஒரே பகலில் புதர் முழுவதையும் தரையோடு வெட்டிப் போட்டார்.

"இங்கன வந்து பாருங்க மதினி. அண்ணன் வச்சது இப்பத்தான் வெளிச்சத்தப் பாக்குது."

நானும் நின்று பார்த்தேன். பதினொன்றும் வெட்டவெளியில் நின்றன. மூன்றாம் நாள் இலை விளிம்புகள் கருகின. பிறகு தேவிபட்டினம் பக்கமிருந்து வீசிய கடற்காற்றில் தண்டுகள் வளைந்து தரையைத் தொட்டன. தினமும் குடம் குடமாக ஊற்றினேன். ஊற்றிய தண்ணீருக்கு முதலில் துளிர்த்தது கருவேலந்தான். அடிக்கட்டையை யாரும் தோண்டியிருக்கவில்லை.

களையெடுக்கும் பெண் வந்து ஒவ்வொரு தண்டையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். நான்கில் பச்சையே இல்லை. "இந்த ஏழுல அடி உசுரோட இருக்குக்கா. ஒரு சாண் விட்டு வெட்டிட்டா துளுக்கும். வெட்டலைன்னா இதுவும் போயிரும்." என் முகத்தைப் பார்த்தாள். "நான் வெட்டவா?"

"வேண்டாம். குடு."

அரிவாளை வாங்கி ஏழையும் வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே வெட்டுப் போதுமாயிருந்தது. அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள் போலும், வரவில்லை. வேப்பஞ்சாறு பட்ட கை மட்டும் கசந்தது. அவள் கடப்பாரையால் கருவேல வேர்களைத் தோண்டி எடுத்தாள். வெட்டிய அடிகளின்மேல் பனையோலையைச் சாய்த்து வைத்தோம். வெயில் சிறிது சிறிதாகப் படட்டும் என்று.

ஆடியில் ஐந்து துளிர்த்தன. அவர் நட்டபோது இருந்த உயரம்கூட இல்லை. வாரத்துக்கு ஒருமுறை ஓலையிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி எடுக்கிறேன். கருவேலம் தலைகாட்டினால் அன்றைக்கே வேரோடு பிடுங்குகிறேன். என்ன திதி என்று பார்ப்பதில்லை.