கோவிந்தசாமி பார்த்து வாங்கிய ஜெட் ஸ்கி

மூலக்குளத்தில் யாரைக் கேட்டாலும் கோவிந்தசாமியைத் தங்கமான மனிதர் என்பார்கள். என்னைக் கேட்டால் வாய்க்கொழுப்பு பிடித்த கிழவர் என்பேன். இரண்டும் உண்மைதான். அந்த வாய்க்கொழுப்புக்கு நான் கொடுத்த தண்டனை ரொம்ப அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றி என்ன பிரயோசனம்?

நான் செல்வகுமார். முத்தியால்பேட்டையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். மீன்பிடிப் படகு மோட்டார், சவாரிப் படகு மோட்டார், கடலில் ஸ்கூட்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிறார்களே அந்த ஜெட் ஸ்கி, எல்லாம் பார்ப்பேன். கோவிந்தசாமி வில்லியனூர் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். முப்பது வருஷம் கழனி கழனியாகப் போய் ஆயில் இன்ஜின் பம்ப்செட் ரிப்பேர் செய்தவர். வரப்பில் நின்று சத்தத்தைக் கேட்டே இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பார்கள். பிறகு ஊரெல்லாம் போர் போட்டுக் கரண்டு மோட்டாரை இறக்கினார்கள். பாதிக் கழனி மனைக்கட்டாகவும் ஆகிவிட்டது. கோவிந்தசாமியைக் கூப்பிட ஆள் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆம்பளைக்கு என்ன மரியாதையோ அது அவருக்கும் கிடைத்தது. அவர் மனைவி பாக்கியலட்சுமி அவரிடம் நேராகப் பேசுவதையே விட்டுவிட்டார். "சோறு வெச்சிருக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

ஒரே மகன் முகிலன். சவாரி நடத்துகிற ஒருவரிடம் ஜெட் ஸ்கி ஓட்டிக்கொண்டிருந்தான். ஓமனுக்குப் போக விசா வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் பிள்ளைச்சாவடியில் ஒரு பழைய ஜெட் ஸ்கி ஓடாமல் கிடக்கிறது, விலைக்கு வருகிறது என்று தெரிந்தது. சொந்த வண்டி இருந்தால் தன் லைசென்ஸிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று அவன் முதலாளியும் சொல்லியிருந்தார். முகிலன் அப்பாவிடம் போய் நின்றான்.

"இன்ஜின் தேறும்னு நீ பாத்து சொல்லுப்பா. நீ சொன்னா வாங்கலாம், நான் எங்கியும் போவல. தேறாதுன்னா நான் ஓமனுக்குக் கெளம்புறேன்."

பத்து வருஷத்துக்குப் பிறகு அவரிடம் ஒருவன் இன்ஜினைப் பற்றிக் கேட்கிறான். அதுவும் பெற்ற பிள்ளை. கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. மீதியிருந்த முப்பது குழி நிலத்தை விற்றாவது வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முகிலன் என்னிடம் வந்து, "நீங்களும் கூட வாங்கண்ணே, ஒரு தைரியத்துக்கு" என்றான். போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

வண்டிக்குச் சொந்தக்காரர் விஜயராகவன். பிள்ளைச்சாவடியில் கடலைப் பார்த்த மாதிரி பெரிய வீடு. எனக்கும் முகிலனுக்கும் நாற்காலி போடச் சொன்னார். அழுக்கு வேட்டியோடு நின்ற கோவிந்தசாமியைக் காட்டி, "அந்தாளு யாரு, வண்டி தூக்க வந்தவனா?" என்று கேட்டார். முகிலன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அப்பா சார்" என்றான். கோவிந்தசாமி காதில் விழாதவர் போலக் கொல்லைப்பக்கம் நடந்தார்.

வண்டி இரண்டு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சீட்டைத் தூக்கினால் எலிப்புழுக்கை. "பேட்டரி மட்டும்தான் போச்சு, மத்தபடி புதுசு" என்றார் விஜயராகவன். ஓடாத வண்டியை விற்கிற அத்தனை பேரும் சொல்கிற பொய் இது. நான் பின்னால் போய், தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்குள் கையை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்ஜின் ஜாம். உள்ள உப்புத்தண்ணி பூந்து பிஸ்டன் புடிச்சிக்கிச்சி. இரும்பு வெலைக்குக் கூட நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

முகிலன் முகம் செத்துப்போனது. கோவிந்தசாமி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வண்டியின் உடம்பு முழுவதையும் விரல் மடக்கித் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று, மறுபடி தட்டி, "இங்க ஒட்டுப் போட்டிருக்குது, பரவால்ல" என்றார். டார்ச்சை வாங்கி இன்ஜின் கிடக்கும் தொட்டியின் உள்சுவரைப் பார்த்தார். ஒரு துணியால் துடைத்து, அந்தத் துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"முழுவி எழுந்த வண்டியா இருந்தா சேறு கோடு கட்டியிருக்கும். இதுல கோடே இல்ல. தண்ணி மேல வரவே இல்ல" என்றார்.

பிறகு இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். ஓட்டைக்குள் டார்ச் அடித்து ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பாக்கியலட்சுமி வீட்டிலிருந்து வேண்டாவெறுப்பாகக் கொடுத்தனுப்பியிருந்த பாட்டிலைத் திறந்து, இரண்டு ஓட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் கிருஷ்ணாயில் ஊற்றினார். "ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார். விஜயராகவன் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

டீ குடித்துவிட்டு வந்து விசிறியைப் பிடித்து மெதுவாக ஆட்டினார். முன்னால் ஒரு நூல், பின்னால் ஒரு நூல். ரொம்ப நேரம் அப்படியே ஆட்டிக்கொண்டிருந்தார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. திடீரென்று விசிறி வழுக்கிக்கொண்டு முழுச் சுற்று சுற்றியது. பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு முகிலனைச் சுற்றச் சொன்னார். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு 'புஸ்' என்று வந்தது. இரண்டாவது ஓட்டையிலும் அப்படியே.

"துரு இல்ல, கீறல் இல்ல, ரெண்டுலயும் காத்து நல்லா புடிக்குது. சும்மா கெடந்த கறைதான் புடிச்சிருந்திச்சி" என்று எழுந்தார். என்னைக் காட்டி விஜயராகவனிடம் சொன்னார்: "தம்பி தப்பா நெனச்சிக்கக் கூடாது. படகு மோட்டாரு பாக்குறவங்களுக்கு அவசரம் ஜாஸ்தி. பொண்ணு பாக்க வந்து வாசல்லயே திரும்பிப் போயிடுவாங்க."

விஜயராகவன் விழுந்து விழுந்து சிரித்தார். முகிலனும் சிரித்தான். எங்களோடு வந்த லோடு வண்டி டிரைவர்கூடச் சிரித்தான். இருபது வருஷம் கடல் இன்ஜினில் கை வைத்தவன் நான். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. கிழவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்பது இன்னும் எரிந்தது. சொன்னது தப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

வாங்கிவிட்டார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது, பெட்ரோல் குழாய் மாற்றுவது எல்லாவற்றையும் கிழவரே மூலக்குளம் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தார். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலில் இறக்கினார்கள். நானும் போயிருந்தேன். ஓடாமல் நிற்பதைப் பார்க்கத்தான் போனேன். பட்டனைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. முகிலன் அலையைத் தாண்டிப் போய் இரண்டு வட்டம் அடித்துவிட்டு வந்தான். வந்தவன் ஈரத்தோடு அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பாக்கியலட்சுமி, "வெயில்ல நிக்காதீங்க, இப்பிடி வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார். அந்தம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வண்டியை ஏற்றும்போது கோவிந்தசாமி என்னிடம் வந்தார்.

"தம்பி, கடலுக்குப் போய்ட்டு வந்தா உள்ள நல்ல தண்ணி வுட்டுக் கழுவணும்னு சொல்றாங்களே, அத எப்பிடிச் செய்யணும்? எதுனா முறை இருக்குதா?"

முறை இருக்கிறது. முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் தண்ணீர் சைலன்சர் வழியாகப் பின்னால் ஏறி இன்ஜினுக்குள் போய்விடும். ஓட்டுகிற பையன்களை இந்த வேலைக்கு நாங்கள் விடுவதில்லை. முகிலன் முதலாளியின் வண்டிகளைக் கழுவுகிறவன் நான்தான். முகிலனுக்கு ஓட்டத் தெரியும், கழுவத் தெரியாது. ஒரே ஒரு வரி சொன்னால் போதும்.

பம்ப்செட் ஆட்கள் எப்படிச் செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பம்பில் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும், காற்று போய்விட்டதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். முப்பது வருஷம் அப்படிச் செய்த கை அது.

"முப்பது வருஷம் பம்ப்செட் பாத்தவரு நீங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? தண்ணி வுடறது ஒரு வித்தையா?" என்றேன்.

கிழவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். எனக்கு அப்போது மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது.

மறுநாள் காலையிலேயே ஜெட் ஸ்கி என் ஒர்க்ஷாப் வாசலுக்கு வந்துவிட்டது. அப்பாவும் பிள்ளையும் கூட வந்தார்கள். நான் கேட்காமலே கோவிந்தசாமி சொன்னார்:

"வூட்டுக்குப் போனதும் ஓஸ் மாட்டி நல்லா ரொம்புற வரைக்கும் தண்ணி வுட்டேன் தம்பி. காத்தெல்லாம் போவட்டும்னு கொஞ்ச நேரம் வுட்டுட்டு ஸ்டார்ட் பண்ணேன். ஒரு தபா புடிச்சிது. அப்புறம் உள்ள டங்குன்னு ஒரு சத்தம். அதோட நின்னு போச்சி."

இன்ஜின் தலையைக் கழற்றினேன். ஒரு சிலிண்டரில் இன்னும் தண்ணீர் நின்றது. பிஸ்டனைத் தாங்குகிற ராடு வளைந்திருந்தது, பக்கச்சுவர் உடைந்திருந்தது. தண்ணீரை அமுக்க முடியாது, இரும்புதான் வளையும். முகிலன் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதனால ஆச்சிண்ணே?" என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். கிழவர் என்னிடம் கேட்டதைக் காதில் வாங்கியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். பயந்துவிட்டேன்.

"பழைய விரிசல்" என்றேன். "வாங்கும்போதே இருந்திருக்கும். டார்ச் அடிச்சிப் பாத்தா தெரிஞ்சிருக்கணும்."

முகிலன் அப்பா பக்கம் திரும்பினான். அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"உன் கண்ண நம்பி நெலத்த வித்தோம் பாரு. அண்ணன் அன்னிக்கே தலபாடா சொன்னாரு, வேணான்னு. அவர நக்கல் பண்ணி சிரிச்ச. அம்மா உன்னப் பத்தி சொல்றதெல்லாம் சரிதான்பா."

அவன் போன பிறகு கோவிந்தசாமி உடைந்த சிலிண்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த எடத்துல தம்பி இருந்திச்சி அந்த விரிசல்? நான் ரெண்டு பக்கமும் பாத்தேனே" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணு போயிடுச்சி போல" என்றார்.

முகிலன் அடுத்த வாரம் ஓமனுக்குப் போனான். அம்மாவுக்கு மட்டும் போன் பேசுகிறான் என்று கேள்வி. கோவிந்தசாமி மூலக்குளத்திலேயே ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் அந்த அடுக்குமாடியில் ஜெனரேட்டர் ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நீல யூனிபார்மில் கிழவர்தான் ஷெட்டைத் திறந்துவிட்டார். டார்ச் பிடிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் பம்பைக் கழற்றினேன், நாஸிலைக் கழற்றினேன், ஒன்றும் பிடிபடவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கிழவரின் கண் டீசல் குழாயின் ஒரு இணைப்பிலேயே நின்றது. நான் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார். அந்த இணைப்பைத் தொட்டேன். தளர்ந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது. வந்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா பெரியவரே?" என்று கத்தினேன். எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று அவருக்குப் புரிந்திருக்காது.

"நான் சொன்னா தப்பாத்தான் தம்பி இருக்கும்" என்றார். "பெத்த புள்ளையே போயிட்டான். இன்னொருத்தர் பொருள்ல நான் வாயத் தொறக்கறதில்ல."

அங்கேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை, விரிசல் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. இணைப்பை முறுக்கி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். கிழவர் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து வைத்தார். எனக்கு ஒரு சல்யூட்டும் அடித்தார்.